தாழ்ப்பாள் கிஸ்பேயும் எங்கள் மாடி வீடும்

மைசூரு,
ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபிக்குப் பின்.

மதிப்புக்கும் பயபக்திக்கும் உரிய அத்திம்பேர் அவர்களுக்கு, யக்ஞநாராயணன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. அக்காவுக்கும் என் நமஸ்காரம். திருச்சியில் உங்கள் முழங்கால், ரத்த அழுத்தம், எதிர் வீட்டுக்காரர் மூன்றும் அடங்கி இருக்கும் என்று நம்புகிறேன். இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நான் பொய் எழுதினால் கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆகையால் மீனாக்ஷி சுகம், சாய்கிருஷ்ணா சுகம், மாடியில் குடியிருப்பவர் சுகம், நான் மட்டும் சுகமில்லை என்று உள்ளபடி எழுதுகிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், உங்களுக்குக் கேட்பதற்காக நான் கத்த வேண்டியிருக்கிறது, நான் கத்தினால் மாடியில் இருப்பவர் எங்கோ ஆபத்து என்று படியிறங்கி ஓடி வந்துவிடுகிறார். எனவே தபால். படித்து முடித்ததும் எனக்கு உங்களிடமிருந்து ஓர் உத்தரவு வேண்டும். அது என்ன உத்தரவு என்பதற்கு முன்னால் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் பிடிபடும்.

சாய்கிருஷ்ணா பெங்களூரு வேலையை விட்டது உங்களுக்குத் தெரியும். தென் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஃபோனில் பதில் சொல்லும் வேலை, அதற்காகவே ஸ்பானிஷ் எல்லாம் கற்றுக்கொண்டு, ஏசி அறை, பஸ் வசதி, சாப்பாட்டுக் கூப்பன். அதை உதறிவிட்டு இங்கே மைசூருவில் கபினி கால்பந்து கிளப் என்று ரிங் ரோட்டுக்கு அப்பால் ஒரு மைதானமும் ஒரு தகரக் கொட்டகையும் வைத்திருக்கிறார்களே, அதில் மேனேஜராகச் சேர்ந்தான். அன்றைக்கு எனக்கும் அவனுக்கும் வார்த்தை முற்றியதில் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அவனும் நிறுத்திவிட்டான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, "அம்மா, அப்பாவை மோட்டார் ஆஃப் பண்ணச் சொல்லு" என்று என் எதிரிலேயே அவன் சொல்வான், மீனாக்ஷி என்னைப் பார்த்து, "ஏன்னா, மோட்டார்" என்பாள், நான், "ஆஃப் பண்ணியாச்சுன்னு சொல்லு" என்பேன். இப்படி எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஜூன் மாதத்தில் ஒருநாள் அவன் ஒரு பெட்டியையும் அதற்குப் பின்னால் ஒரு மனிதரையும் கொண்டு வந்து நிறுத்தி, கிளப்பின் புதுக் கோச், பெரு தேசத்துக்காரர், நம் மாடியில்தான் இருக்கப்போகிறார் என்று அம்மாவிடம் அறிவித்தான்.

பெயர் எர்மோஹெனஸ் கிஸ்பே. ஐம்பத்தைந்து வயது சொல்லலாம். குட்டையான, அகலமான, அசையாத ஆள். சிரிக்கிறாரா இல்லையா என்று சட்டென்று தெரியாது. நம் வீட்டு வேலைக்கு வரும் தேவம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, முதல் நாளே கிருஷ்ணப்பா ஆக்கிவிட்டாள், அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். மாடியில் மீன், மாமிசம் கூடாது என்று நான் சொல்லச் சொன்னதை மீனாக்ஷி சாயிடம் சொல்லி, சாய் அவரிடம் சொல்ல, உருளைக்கிழங்கு இருந்தால் போதும் என்று பதில் வந்தது. உருளைக்கிழங்கே எங்கள் மலையிலிருந்துதான் உலகத்துக்குப் போனது என்றும் சொன்னாராம். மீனாக்ஷி அதை ஏற்கவில்லை. உருளைக்கிழங்கு ஹாசனிலிருந்து வருகிறது, தேவராஜா மார்க்கெட்டில் மூட்டையிலேயே எழுதியிருக்கிறது என்று அவள் கட்சி. இன்றுவரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒருவரை வீட்டில் வைத்தால் பூர்வோத்தரம் விசாரிக்க வேண்டாமா அத்திம்பேர்? சம்பந்தம் பேசும்போது நீங்கள் எப்படி விசாரிப்பீர்களோ அப்படி விசாரித்தேன். மீனாக்ஷி வழியாகத்தான். ஊர் ஹூலியாகா, மேகம் காலுக்குக் கீழே போகும் அளவுக்கு உயரமாம். தொழில் கால்பந்தில் டிஃபெண்டர், அதாவது எதிராளியைக் கோல் போடவிடாமல் பின்னால் நின்று தடுப்பவர். அவரைத் தாண்டி ஒருவரும் உள்ளே போக முடியாது என்பதால் அந்த ஊர்ப் பத்திரிகைகள் வைத்த பட்டப்பெயருக்குத் தமிழில் தாழ்ப்பாள் என்று அர்த்தம். அதுவரை சரி. இருபது வருஷம் விளையாடினாரே, எத்தனை கோல் போட்டார் என்று கேட்டு அனுப்பினேன். ஒன்றுகூட இல்லை என்று பதில் வந்தது. இருபது வருஷ சர்வீஸில் ஒன்றுமே போடாதவரை எப்படி வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டதற்கு, மற்றவர்களும் போடவில்லை, அதற்குத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்றாராம். இதை பயோடேட்டாவில் எப்படி எழுதுவார் என்று நான் இரண்டு நாள் யோசித்தேன்.

அதைவிடக் கவலை தந்தவை அவர் கோச் ஆன பிறகு நடந்தவை. முழங்கால் போய் ஆட்டத்தை விட்டபின் பக்கத்துத் தேசமான பொலிவியாவில் ஓர் அணிக்குப் போயிருக்கிறார். அதன் தலைவர் தேர்தலில் நின்று தோற்று ஊரைவிட்டே போய்விட்டார், அணி கலைந்தது. அடுத்து ஈக்வடாரில் ஓர் அணி. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது ஆற்றில் வெள்ளம் வந்து மைதானத்தின் பாதியைக் கொண்டு போய்விட்டது, ஒரு பக்கத்துக் கோல் கம்பம் மட்டும் மிச்சம். பிறகு கடல் கடந்து ஏதோ ஒரு தீவு, அங்கே அணியை வாங்கிய முதலாளி அதைப் படகுப் போட்டிக் குழுவாக மாற்றிவிட்டார். பிறகு நம் வடகிழக்கில் ஓர் அணி, அதுவும் மூடியாயிற்று. இவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை, ஒவ்வோர் இடத்திலும் இவர் இருந்தவரை தடுப்பு பலமாகத்தான் இருந்திருக்கிறது, ஆனால் இவர் போன இடமெல்லாம் இடமே இல்லாமல் போயிருக்கிறது. இப்பேர்ப்பட்ட ராசிக்காரரைத்தான் என் பிள்ளை தன் ஒரே உத்தியோகத்துக்கும் எங்கள் ஒரே வீட்டுக்கும் ஒருசேர அழைத்து வந்திருக்கிறான். நான் தண்ணீர்த் தொட்டியின் அடியில் விரிசல் இருக்கிறதா என்று அன்றைக்கே ஏறிப் பார்த்தேன்.

அவர் சுபாவமும் சொல்ல வேண்டும். வீட்டில் கதவு ஒன்று திறந்திருந்தால் அவரால் பார்த்துக்கொண்டு போக முடியாது. கேட், கொல்லைக் கதவு, மாடிக் கதவு, மீட்டர் பெட்டி, எல்லாவற்றையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் நகர்வார். குக்கரஹள்ளி ஏரிக்கு நடக்கப் போய்விட்டு வந்த நான் என் சொந்த கேட்டுக்கு வெளியே நின்று அழைப்பு மணியை அடித்துக்கொண்டிருந்த காலைகள் உண்டு. இந்தத் தெருவில் கவலைக்கென்று ஓர் ஆள் உண்டானால் அது நான்தான் என்று இருந்தேன். எனக்கு மேல்மாடியிலேயே ஒருவர் வந்து சேர்ந்துவிட்டார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் பக்கத்துக் காம்பவுண்டில் தேங்காய் பறித்தார்கள். மரம் நம் வாசல் பக்கம் சாய்ந்திருக்கும், உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மரத்தில் ஆள் ஏறினால் மீனாக்ஷி, தேவம்மா, தெருவில் போவோர் எல்லோரும் அண்ணாந்து அவனைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அப்படிப் பார்க்க வராது. கீழே யார் வருகிறான் என்றுதான் என் கண் போகும். கூரியர் பையன் ஒருத்தன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நேரே மரத்தடிக்கு வந்துகொண்டிருந்தான். கூப்பிட்டால் கேட்காது. ஓடிப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன், அவன் என்னைத் திருடன் என்று நினைத்துத் திமிறினான், அவன் நின்ற இடத்தில் குலை விழுந்தது. அவ்வளவுதான். ஆனால் மாடி வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கிஸ்பே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டு, சாயிடம் நீளமாக ஏதோ சொன்னார். சாய் வழக்கம்போல அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, அப்பாட்ட சொல்லு. எல்லாரும் பந்தைப் பாக்கறா, இவர் ஆளைப் பாக்கறார், இதைக் கத்துக் குடுக்க முடியாதுன்னு கோச் சொல்றார்" என்றான். மறுநாள் சாயங்காலம் நான் மைதானத்துக்கு வர வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டாராம். அந்த மைதானத்தில் கால் வைப்பதில்லை என்று நான் சொல்லியிருந்தது உங்களுக்குத் தெரியும். மீனாக்ஷிதான், ஊர் விட்டு ஊர் வந்த மனுஷன் வாய் விட்டுக் கேட்கிறார், போகாமல் இருப்பது மரியாதையில்லை என்று செருப்பை எடுத்து வைத்தாள்.

போனேன். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எனக்கு ஆட்டம் தெரியாது, விதி தெரியாது, ஆனால் அத்திம்பேர், கவலைப்பட அது எதுவும் வேண்டியிருக்கவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் அங்கே ஓர் அசம்பாவிதம் காத்துக்கொண்டிருந்தது. பந்து ஒரு மூலையில் இருக்கும், எல்லோரும் அங்கே கூட்டமாகப் போய்விடுவார்கள், இந்த மூலையில் ஒருத்தன் தனியாக நிற்பான், அவனை ஏன் என்று கேட்க நாதியிருக்காது. எனக்குள்ளேயே, ஐயையோ அந்தப் பக்கம் ஆளே இல்லையே, அவன் முழி சரியில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நம் அணியின் பின்வரிசையில் ஜடையன் என்று ஒருத்தர். கோபிநத்தத்துக்காரர், காவேரிக் கரையில் காட்டை ஒட்டின கிராமம், தமிழ் பேசுகிறவர். முப்பத்தைந்து வயதாகிறது, இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பனார். சாய் கோச்சின் ஸ்பானிஷைக் கன்னடமாக்கிச் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படி ஆடுகிறவராம். அவர் எல்லைக்கோட்டுப் பக்கம் வந்தபோது என் முணுமுணுப்பு காதில் விழுந்திருக்கிறது. சட்டென்று நான் கவலைப்பட்ட இடத்துக்கு ஓடினார், பந்தும் அங்கேயே வந்தது, எடுத்துவிட்டார். பிறகு தண்ணீர் குடிக்க வந்தவர் என்னிடம், "சாமி, நீங்க பாட்டுக்கு கொஞ்சம் சத்தமாவே பொலம்புங்க. நமக்கு அது நல்லா வெளங்குதுங்க" என்றார்.

அன்றிலிருந்து எல்லாச் சாயங்காலமும் போக ஆரம்பித்துவிட்டேன். நான் பெஞ்சில் உட்கார்ந்து கவலைப்படுவேன், ஜடையன் கேட்டுக்கொண்டு நகர்வார், மற்ற டிஃபெண்டர்கள் ஜடையனைப் பார்த்து நகர்வார்கள், கிஸ்பே கையைக் கட்டிக்கொண்டு திருப்தியாக நிற்பார். அதன்பின் எங்கள் அணிக்கு எதிராக யாராலும் கோல் போட முடியவில்லை. ஆனால் நாங்களும் ஒருத்தருக்கும் போடவில்லை. முன்னால் ஓட வேண்டிய பையன்களுக்கும் என் கவலை தொற்றிக்கொண்டு அவர்களும் பின்னாலேயே நின்றுவிட்டார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் பூஜ்யம், பூஜ்யம். பட்டியலின் அடிப்பக்கத்தை விட்டு நகரவே இல்லை. கிளப்பின் தலைவர் கிருஷ்ணராஜ், லேஅவுட் போட்டு விற்கிறவர், நல்ல மனிதர்தான், ஆனால் கால்பந்தில் கோல் என்று ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறார். கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் கிளப்பை மூடிவிட்டு மைதானத்தை மனைகளாகப் பிரித்துவிடுவதாக சாயிடம் சொல்லிவிட்டார். நான் ஜூன் மாதத்திலேயே பயந்தது இதைத்தானே. மைதானத்தில் இருக்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம், இவன் நிற்கிற இடத்தில் வரவேற்பறை, அவன் நிற்கிற இடத்தில் கார் நிறுத்துமிடம் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அந்த வாரத்தில் ஒரு பகல் தண்ணீர்த் தொட்டியின் மிதவைக் குழாயைச் சரிபார்க்க மாடிக்குப் போயிருந்தேன். கிஸ்பே அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தார், சாயும் இருந்தான். மீனாக்ஷி கீழே குளித்துக்கொண்டிருந்ததால் எங்களுக்கு நடுவில் ஆள் இல்லை. கிஸ்பே தானாகவே பேச ஆரம்பித்தார், சாய் என்னைப் பார்க்காமல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி தமிழில் சொன்னான், நானும் தொட்டியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டேன். சின்ன வயதில் அவருக்கு முன்னால் ஓடிக் கோல் போடத்தான் ஆசையாம். ஆனால் அவர்கள் ஆடிய இடம் சந்தையை ஒட்டிய பொட்டல், சந்தையில் அவர் அம்மா கம்பளி விரித்து வியாபாரம். அம்மா எழுந்து போகும்போதெல்லாம் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆடவும் வேண்டும். அதனால் கால் மைதானத்தில் இருந்தாலும் கண் பின்னால் கடையில் இருக்கும். நாய் வந்தாலும் ஆள் வந்தாலும் முதலில் பார்ப்பது இவர்தான். அதைக் கவனித்த ஒருவர் இவரைப் பின்வரிசையில் நிறுத்தினார், அதோடு வாழ்க்கை பூராவும் பின்வரிசை. தேசத்து அணிக்கு ஒரே ஒருமுறை அழைத்திருக்கிறார்கள். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்து, கடைசிச் சில நிமிஷங்கள் இறக்கினார்களாம். ஸ்டேடியம் நிறைந்த கூட்டம், அம்மா ஊரில் ரேடியோ பக்கத்தில். அப்போது என்ன நடந்தது என்று நான் என்னையறியாமல் கேட்டுவிட்டேன். சாய் கேட்டுச் சொன்னான்: "ஒண்ணும் நடக்கலையாம். தான் உள்ள இருந்த வரைக்கும் ஒண்ணுமே நடக்கலை, அதான் தன் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம்கறார்."

அத்திம்பேர், நான் ரயில்வேயில் பாதுகாப்புப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவன். என் பிரிவு உபசார விழாவில் பேச வந்த மூன்று அதிகாரிகளும் என்னைப் பற்றிச் சொல்ல ஒரு சம்பவமும் கிடைக்காமல், யக்ஞநாராயணன் காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பழத்தட்டைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நான் அதை நினைத்து மனம் வருந்தினேன், உங்களிடம்கூடச் சொல்லியதில்லை. அன்று மாடியில் நின்று அந்த மனிதர் அதே வார்த்தையை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. மிதவைக் குழாயைத் திருகுகிறாற்போல் கொஞ்ச நேரம் குனிந்துகொண்டேன்.

கடைசி ஆட்டம் நேற்றல்ல, அதற்கு முந்தின சனிக்கிழமை. பெங்களூரிலிருந்து வந்த அணி, பெரிய பஸ், எல்லோரும் ஒரே மாதிரி தலைவாரல். தோற்காமல் இருந்தால் நாங்கள் தப்பித்தோம், கோல் ஒன்று வாங்கினால் மனைப்பிரிவு. கிருஷ்ணராஜ் சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சர்வேயர் போல ஒருவர் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. மீனாக்ஷி தயிர்சாதத்தோடு வந்திருந்தாள். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருக்கும்போது அவர்கள் அணியில் மின்னல் மாதிரி ஒரு பையன் பந்தைத் தள்ளிக்கொண்டு எங்கள் பெஞ்சுப் பக்கமாகவே கோட்டை ஒட்டிப் பறந்து வந்தான். எங்கள் ஆட்கள் யாரும் அவன் கிட்டத்தில் இல்லை. அவனுக்கும் கோலுக்கும் நடுவில் கோல்கீப்பர் மட்டும். அத்திம்பேர், கோச்சானவர் கோட்டுக்கு வெளியே தன் கட்டத்துக்குள் நிற்க வேண்டும், உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது எனக்கே தெரிந்த விதி. பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவும் இஸ்திரி பண்ணிய பேண்ட்டும் போட்டுக்கொண்டு நின்ற கிஸ்பே, என் பக்கத்திலிருந்து அப்படியே புல்லில் சறுக்கிக்கொண்டு போய், அந்தப் பையன் காலிலிருந்து பந்தைச் சுத்தமாகத் தட்டி வெளியே அனுப்பிவிட்டார்.

அவருக்கே தான் செய்தது எழுந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்திருக்க வேண்டும். முதலில் அந்தப் பையனைத் தூக்கி நிறுத்தி, அவன் முழங்காலைத் தடவிப் பார்த்து, கை கூப்பினார். ரெஃபரி சிவப்பு அட்டையை எடுப்பதற்கு முன்பே தலையைக் குனிந்துகொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். வேலிக்கு வெளியே பேல்பூரி வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஜடையன் மட்டும், "வயசான காலத்துலயும் பந்தைப் பறிச்சாரே, என்ன வெட்டுங்க சாமி" என்று முணுமுணுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அவர்களுக்கு ஃப்ரீகிக் கொடுத்தாயிற்று. பெஞ்சில் நானும் சாயும்தான் மிச்சம்.

கூட்டம் பூராவும் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்க்கிறது. சாய் என் பக்கம் திரும்பினான். நடுவில் மீனாக்ஷி இல்லை, கோச் இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை. "அப்பா, அவர் இல்லை. நீ என்ன பாக்கறே, எங்கிட்ட சொல்லு" என்றான். நான், "அந்தக் கோடியில சாக்ஸ் இழுத்துண்டிருக்கான் பாரு, உயரமா, அவன்டா. ரொம்ப நேரமா அந்த ஒரே சாக்ஸைத்தான் இழுக்கறான்" என்றேன். சாய் கன்னடத்தில் கத்தினான். கூட்ட இரைச்சலில் ஜடையனுக்குக் கேட்கவில்லை. அவர்கள் பந்தை உதைக்க ஓடி வருகிறார்கள். நான் எழுந்து கோட்டுக்குப் பக்கத்தில் போய், முப்பத்து நாலு வருஷத்தில் தண்டவாள வேலை செய்யும் ஒரு கலாசியிடம்கூடக் கத்தாதவன், "ஜடையா, சாக்ஸ்காரன்" என்று கத்தினேன். ஜடையன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேரே ஓடினார். பந்து சரியாக அந்தச் சாக்ஸ்காரன் தலைக்குத்தான் வந்தது. அவனுக்கு முன்னால் ஜடையன் எழும்பி முட்டி வெளியே அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் விசில் ஊதிவிட்டார்கள். பூஜ்யம், பூஜ்யம். பிழைத்தோம். கிருஷ்ணராஜ் பக்கத்தில் இருந்தவர் சர்வேயர் இல்லை, அவர் மைத்துனராம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், இத்தனை நாள் கழித்து சாய் என்னிடம் நேராகப் பேசினான், நானும் பேசினேன் என்பது எனக்கு உறைத்தது. சாப்பிடும்போது அவன், "அப்பா, மோர்" என்றான், நான் நகர்த்தினேன்.

மறுநாள் காலையில் கிஸ்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். சாவியை மேஜையில் வைத்தார். நடுவரிடம் அட்டை வாங்கிக்கொண்டு வெளியே போன கோச்சை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், போகச் சொல்லும் வரை காத்திருப்பது தனக்கு வழக்கமில்லை, இந்த வீட்டில் மரியாதையாக இருந்தேன், நன்றி என்று சாயிடம் சொன்னார். கிருஷ்ணராஜ் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, அவர் நேற்றே அந்த வெட்டை வீடியோவில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சாய் சொன்னதையும் அவர் நம்பவில்லை. எத்தனை இடத்தில் எத்தனை பேர் எப்படியெல்லாம் சொல்லியிருப்பார்களோ. சமையலறையிலிருந்து மீனாக்ஷி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். "எங்க கிளம்பிட்டேள்? உருளைக்கிழங்கு வேக வெச்சாச்சு, யார் சாப்பிடறது? உக்காருங்கோ. அப்புறமா அது எந்த ஊர்க் கிழங்குன்னு பேசிக்கலாம்" என்றாள். சாய் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை ஒரு கையால் மூடிக்கொண்டார். தேவம்மா பெட்டியை எடுத்து மறுபடி மாடிக்குக் கொண்டு போனாள், கிருஷ்ணப்பாவுக்கு ஊர் வழக்கம் இன்னும் தெரியவில்லை, சாப்பிடாமல் யாராவது கிளம்புவார்களா என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் சந்தோஷமாக ஒரு கார்டில் எழுதியிருப்பேன். அந்த அட்டையினால் கிஸ்பேக்கு அடுத்த சீசன் முதல் சில ஆட்டங்களுக்குத் தடை. கோட்டுப் பக்கம் அவர் வரக் கூடாது. அவர் இடத்தில் யார் நிற்பது என்று பேச்சு வந்தது. சாய், கிஸ்பே, மீனாக்ஷி மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள். தடுப்புப் பயிற்சியாளர் என்று எனக்கு ஒரு பதவியும் போட்டு, டிராக்சூட்டுக்கு அளவு கேட்டுவிட்டார்கள். அறுபத்தேழு வயதில் நான் டிராக்சூட் போடலாமா அத்திம்பேர்? வேஷ்டியோடு நிற்கிறேன் என்றால் ரெஃபரி விடமாட்டாராம். மங்களூரு, ஹுப்பள்ளி என்று ராத்திரி பஸ்ஸில் போக வேண்டும், என் முதுகு என்ன ஆகும்? பேப்பரில் போட்டோ வந்தால் ஊரில் நம் மனுஷாள் என்ன சொல்வார்கள்? கோச் உத்தியோகம் ஒரு சாபம் என்பதற்கு மாடியிலேயே சாட்சி இருக்கும்போது நானும் அதில் விழலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த தடவை நான் கத்தியும் ஜடையன் போய்ச் சேருவதற்குள் பந்து உள்ளே போய்விட்டால்? இத்தனை காலம் ஒன்றும் நடக்காமல் காப்பாற்றி வைத்த பெயர் போய்விடாதா?

என்னால் நேரில் மறுக்க முடியவில்லை. மறுக்க வாயெடுத்தால் சாய், "அப்பா, யோசிச்சு சொல்லு" என்று நேராக என்னிடமே சொல்கிறான், அந்த நேர்ப்பேச்சில் எனக்கு வாய் அடைத்துவிடுகிறது. ஆகையால் குடும்பத்தில் பெரியவர் என்ற முறையில் நீங்கள் ஒரு கண்டிப்பான உத்தரவு எழுத வேண்டும். யக்ஞநாராயணன் எக்காரணத்தைக் கொண்டும் மைதானத்தில் இறங்கக் கூடாது, டிராக்சூட் கூடவே கூடாது என்று. கொஞ்சம் கோபமாகவே எழுதுங்கள், நான் அதைக் கூடத்தில் வைத்து எல்லோருக்கும் படித்துக் காட்டிவிடுகிறேன். சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் உத்தமம்.

அக்காவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். பேரக் குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதமும் மீனாக்ஷியின் ஆசீர்வாதமும். சாய் உங்களுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னான், கிஸ்பேயும் சொன்னார், அவர் அதை நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். சாமுண்டி உங்கள் எல்லோரையும் ஒரு குறையுமின்றி வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
யக்ஞநாராயணன்

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் மத்தியானம் டிராக்சூட் வந்துவிட்டது. சும்மா அளவுக்குப் போட்டுப் பார்த்தேன். கருநீலம், பையில் ஜிப் இருக்கிறது, முதுகில் கன்னடத்தில் பெயர். கழற்ற மனம் வரவில்லை, இதை அதோடுதான் எழுதுகிறேன். எனவே உத்தரவு வேண்டாம், எழுதத் தொடங்கியிருந்தால் கிழித்துவிடவும். வேறொரு விஷயம். புதிதாக வந்திருக்கும் கோல்கீப்பர் அனந்தபூர்ப் பையன், தெலுங்கு தவிர ஒன்றும் தெரியவில்லை, சாயின் கன்னடமும் என் தமிழும் அவனிடம் செல்லவில்லை. குண்டக்கல் ஜங்ஷனில் பன்னிரண்டு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து, மைக் இல்லாமல் நாலாவது பிளாட்பாரத்துப் பாயிண்ட்ஸ்மேனைத் தெலுங்கில் நடுங்க வைத்தவர் எங்கள் அத்திம்பேர் என்று வாய் தவறி சாய் வழியாகக் கிஸ்பேயிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து இங்கே வரும் மயிலாடுதுறை எக்ஸ்பிரஸில் உங்களுக்கு லோயர் பெர்த் போட்டாகிவிட்டது. அக்காவிடம் உங்கள் இடுப்பளவு மட்டும் கேட்டு உடனே தெரியப்படுத்தவும்.